இரும்புக் கொடிக்கம்பு

நெய்வேலியில் கோல்ஃப் ஆடுவார்கள் என்றால் என் கணவர்கூட முதலில் நம்பவில்லை. டவுன்ஷிப் ஓரத்தில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு கிளப் இருந்தது. புல் சரியாகப் பிடிக்காத மண். அதனால் பந்து விழவேண்டிய குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பியிருப்பார்கள். பெரியப்பா மைன்ஸில் ஃபோர்மேன். எந்த ஷிஃப்ட் முடிந்தாலும் நேரே அங்கேதான் போவார். ஆயுள் முழுக்க ஆடியும் ஒரு கோப்பை வாங்கியதில்லை. “அந்தக் குச்சிக்கே தாலி கட்டியிருக்கலாம்” என்பார் பெரியம்மா.

குழி இருக்கும் இடம் தூரத்திலிருந்து தெரிய, அதில் நட்டிருந்த கொடிக்கு முதலில் மூங்கில் கம்புதான். ஆடுகள் முட்டிச் சாய்த்துக்கொண்டே இருந்ததால், பெரியப்பா வெல்டிங் கடையில் சொல்லி இரும்பில் ஒன்று செய்து நட்டார். என்னைவிட உயரம். அதில் அவருக்கு அத்தனை பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் அழைத்துப்போவார். அவர் பந்தை உருட்டும்போது கொடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது என் வேலை.

“பந்து உள்ள விழற வரைக்கும் கைய வுடக்கூடாது, என்ன?”

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அன்று வானம் கறுத்து, மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். இந்த ஒரு குழியோடு போய்விடலாம் என்றார் பெரியப்பா. பந்தைக் குறிபார்த்துக் குனிந்தவர், இடி உறுமியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

“வுடு! கைய வுடு பாப்பா!”

பந்து இன்னும் விழவில்லையே. நான் இறுக்கிப் பிடித்தேன். அவர் கம்பைப் பிடுங்கி, என்னைப் பக்கத்து மணல் பள்ளத்தில் தள்ளினார். வாயெல்லாம் மணல். தலையைத் தூக்கிப் பார்த்தால், கொடியோடு வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து, வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. தூரத்தில் ஒரு யூகலிப்டஸ் பிளந்து நின்றது.

“பெரியப்பா என்னை வுட்டுட்டு கொடியத் தூக்கிக்கினு ஓடிட்டாரு” என்று வீட்டில் அழுதேன்.

“பெத்த புள்ளையா இருந்தா வுட்டுட்டு ஓடுவாரா?” என்றார் அம்மா, பெரியப்பாவுக்குக் கேட்கும்படியே. பிள்ளை இல்லாத மனிதர். குனிந்து ஈர பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னை அவரோடு எங்கும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகும்கூட, அவர் மனதில் எனக்குக் கொடியைவிடக் கீழான இடம்தான் என்று நினைத்திருந்தேன்.

போன மழையில், மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மகன் தன் தாத்தாவின் நீளக் கம்பிக் குடையைத் தூக்கிப் பிடித்து நின்றான். மின்னல் வெட்டியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, மாடியின் மறுகோடியில் நான் மூச்சிரைக்க நின்றதுதான். குடை என் கையில் இருந்தது. மகன் படிக்கட்டு வாசலில் விழுந்து கிடந்தான். நான்தான் தள்ளியிருக்கிறேன்.

குடையைக் கீழே போட்டிருக்கலாம். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். இப்போது எல்லாம் தோன்றுகிறது. அந்த நொடியில், அது அவனைவிட்டுத் தூரமாகப் போகவேண்டும் என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

அவன் அப்பா வந்ததும் உதடு துடிக்கப் புகார் சொன்னான்.

“அம்மா என்னைத் தள்ளிட்டு, குடையத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்கப்பா.”

கணவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஈரக் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.