பூட்ஸ் கேட்டவர்

மகளிர் கல்லூரிக் கால்பந்து அணி கோப்பை வென்றதற்கு ஆரணியில் பாராட்டு விழா. என் பக்கத்தில் அவர்களுடைய கோச்சம்மா, வெயிலில் கறுத்த முகமும் பல்லில் கடித்த விசிலுமாக உட்கார்ந்திருந்தார். மேடையில் பெண்களுக்குப் பட்டுப்புடவை கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருஷமும் கோப்பை நமக்குத்தானேங்க?" என்றேன்.

விசிலை வெடுக்கென்று எடுத்தார். "பூட்ஸ் குடுங்கன்னு கேட்டுகினே இருந்தேன். புடவை குடுக்கறாங்க. இந்த போட்டோவை வெச்சே மாப்பிள்ளை பார்த்துடுவாங்க. அப்புறம் டீம்ல யாருங்க மிச்சம்?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் போட்டோக்காரர் கேப்டனிடம், "ஜெர்சி தெரியாம புடவையை மேல போட்டுக்கோம்மா" என்றார்.

கோச்சம்மா எழுந்து விசிலை ஊதினார், மைதானத்தில் ஊதுகிற மாதிரியே. அத்தனை பெண்களும் புடவையை மேடையிலேயே போட்டுவிட்டு அவரிடம் ஓடிவந்தார்கள்.