ரேடியோவில் கையாட்டிய மெர்சி

கும்மிடிப்பூண்டியில் மெர்சி வேலை பார்க்கும், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஒரு மிஷின் அடித்தால், ஆந்திராவில் தூங்கும் குழந்தை எழுந்து உட்காரும். அங்கே வாயால் பேசி யாருக்கும் கேட்காது. எல்லாம் கைதான். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் தண்ணீர். காதைப் பிடித்தால் சூப்பர்வைசர் வருகிறார். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினால் ஆபத்து, அவனவன் அப்படியே நிற்க வேண்டும்.

மெர்சி அங்கே பீஸ்களைச் சரிபார்த்து அடுக்குகிறாள். எதிரே அவள் அண்ணன் இம்மானுவேல் பிரஸ் ஓட்டுகிறான். ஷிப்ட் முழுக்க இருவரும் கையாலேயே சண்டை போடுவார்கள். எல்லாம் எந்த ராக் பாட்டு ஒசத்தி என்ற சண்டை. இம்மானுவேல் சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவன். அவன் அடிக்கும் அடியில் பாஸ்டரின் பிரசங்கம் பாதி காணாமல் போகும். அவன்தான் தங்கைக்கும் அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தான். இங்கிலீஷ் வரி இருவருக்கும் புரியாததால், சத்தத்தை வைத்துப் பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: கம்ப்ரஸர் பாட்டு, கிரைண்டர் பாட்டு, ஷட்டர் பாட்டு.

பிறந்தபோதே நர்ஸிடம் வாயாடியவள் மெர்சி. அவளுக்குப் போய் வாய்க்கு வேலையில்லாத வேலை! ரேடியோவில் பேச வேண்டும் என்பது அவள் கனவு. பக்கத்துக் காலேஜின் ரேடியோவில் ஒரு போட்டி வைத்தார்கள். அண்ணன் தங்கைகள் பிடித்த பாட்டை வரிசைப்படுத்திப் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் ஞாயிறு சாயங்கால நிகழ்ச்சி வாராவாரம் அவர்களுக்கே. மெர்சி கண்ணாடி முன்னால் பேசிப் பேசிப் பழகினாள். கண்ணாடிக்கே காது வலித்திருக்கும்.

ஞாயிறும் வந்தது. நிகழ்ச்சி நடத்தும் ஏஞ்சலின், “அண்ணா, மைக் பக்கத்துலயே இருக்கு. கத்தாதீங்க” என்றாள்.

“நான் எங்கம்மா கத்துறேன்?” என்றான் இம்மானுவேல். ஜன்னல் அதிர்ந்தது.

ஷட்டர் பாட்டு மூன்றாமிடம் என்பதில் தகராறில்லை. முதலிடம் கம்ப்ரஸரா, கிரைண்டரா? ஏஞ்சலின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் கிரைண்டர் பாட்டைப் போட்டாள். ஹெட்போனில் அந்த இரைச்சல் ஏறியதும் இருவருக்கும் பிரஸ் ஷாப் ஞாபகம். வாய் மூடியது, கை கிளம்பியது. பாட்டு முடிந்தது. கை முடியவில்லை. ரேடியோவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பேசுங்கள் என்று ஏஞ்சலின் பதறி, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள். அண்ணனும் தங்கையும் சிலையாகிவிட்டார்கள்.

அவள் ஓடிவந்து ஹெட்போனைப் பிடுங்கிய பிறகுதான் மெர்சிக்கு விளங்கியது. எல்லாம் போச்சு. கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் ரேடியோவுக்கு ஒரு போன் வந்தது. அவர்கள் கம்பெனி ஃபோர்க்லிப்ட் டிரைவர் தணிகாசலம்.

“இன்னா மெர்சி, கைலயே பேசிக்கினு கீறீங்களா? டீக்கடையில எல்லாரும் ரேடியோவைத் தட்டிக்கினு கீறாங்க. உங்கண்ணன் இன்னா சொன்னான்? அத்தயாவது சொல்லு!”

மெர்சி மூக்கை உறிஞ்சினாள். மைக்கை இழுத்தாள்.

“மூக்கைப் பொத்திக் காட்டுனான்ணா. கிரைண்டர் பாட்டு நாறுதாம். நான் நெஞ்சில கைவச்சுக் காட்டுனேன். அந்தப் பாட்டு இல்லன்னா எனக்கு நைட் ஷிப்டே ஓடாது. தோ, இப்ப பல்லைக் கடிக்கிறான். ஒரு கை மேல போவுது. ஐயோ, கம்ப்ரஸர் பாட்டுக்குக் கோயிலே கட்டுறான்!”

கிரிக்கெட் கமெண்டரி தோற்றது. இம்மானுவேல் கையை வீச வீச, மெர்சி சொல்லச் சொல்ல, காலேஜ் போன் சூடேறி இட்லி வேகும் நிலைக்கு வந்தது. ஏஞ்சலின் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டாள்.

கைவலி தாங்காமல் இம்மானுவேல் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனான்.

“அண்ணன் ஒத்துக்கினான்! கிரைண்டர் பாட்டுதான் ஃபர்ஸ்ட்டாம்!” என்றாள் மெர்சி.

“அடிப்பாவி! தண்ணிதானே கேட்டேன்!” என்று அவன் கத்துவதற்குள் ஏஞ்சலின் பாட்டைப் போட்டுவிட்டாள்.

இப்போது ஞாயிறு சாயங்காலம் மெர்சியுடையது. இம்மானுவேலும் கூடவே வருகிறான், கையில் தண்ணீர் பாட்டிலோடு.