மூடியில் எழுதிய ‘ஜி’

இரண்டாவது தடவையும் செல்கள் பெருகவில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கியதும் நான் செய்த முதல் வேலை, ஸ்டெல்லாவை முறைத்ததுதான்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்ன லேபில் நான் சீனியர் டெக்னீஷியன். அழற்சியைக் குறைக்கும் மருந்தொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். தாம்பரத்து ரத்த வங்கியிலிருந்து ரத்தம் கொண்டுவருவது ஸ்டெல்லா. அதில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைப் பிரித்து வளர்ப்பது நான்.

“ஐஸ்ல வெச்சியா?” ரத்தம் குளிர்ந்தால் செல்கள் கெட்டுவிடும்.

“இல்ல சார். இரும்புலியூர்ல டிராஃபிக், லேட்டாச்சு. ஆனா ஐஸ் வெக்கல சார்.”

“அப்போ செல்லு தானா செத்துச்சா?”

மேனேஜரிடமும் அதையே சொன்னேன். அந்த மாதம் அவளை டெக்னீஷியனாக்க இருந்தார்கள். “வேணாம், ரிசப்ஷனைப் பாக்கட்டும்” என்றுவிட்டார் மேனேஜர்.

மூன்றாவது முறை ரத்தத்தை நானே கொண்டுவந்தேன். அப்போதும் பெருகவில்லை. ஃப்ரீசரைத் திறந்து குளூட்டமின் ட்யூப்களை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

குளூட்டமின் ஓர் அமினோ அமிலம். அது இல்லாவிட்டால் டி செல்கள் எவ்வளவு தூண்டினாலும் பெருகாது, அழற்சிக்கான சமிக்ஞையையும் சரியாக அனுப்பாது. செல்களை வளர்க்கும் திரவமான மீடியத்தில் நாள்பட்டால் அது சிதைந்துவிடும் என்பதால் பாட்டிலைத் திறக்கும்போதுதான் சேர்ப்போம். சேர்த்ததும் மூடியில் ‘ஜி’ என்று எழுதுவோம். கையுறை மாட்டினால் எழுத வராது என்று நான் முன்கூட்டியே எழுதிவிடுவேன். அந்த பாட்டிலைத் திறந்த அன்றும் எழுதினேன், யாரோ கூப்பிட்டார்கள், சேர்க்காமலே போய்விட்டேன்.

“மீடியம் சரியில்ல சார், மாத்திட்டேன்” என்றேன் மேனேஜரிடம். பொய்யில்லை. அதுதான் இன்னும் கேவலம். புது பாட்டிலில் செல்கள் கொத்துக்கொத்தாகப் பெருகின. எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள்.

நாலு மாதம் ரிசப்ஷனைத் தாண்டித் தலைகுனிந்தே போனேன். “குட் மார்னிங் சார்” என்பாள். ஒரு நாள் தாங்காமல் மேனேஜர் அறைக்கு அவளையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“ட்யூபை எண்ணலாம்னு ஃப்ரீசர் வரைக்கும் போனேன் சார். ஆனா பாட்டில் மூடியில உங்க கையெழுத்து இருந்துச்சு. சாரே எழுதியிருக்காரு, தப்பு நம்மமேலதான்னு திரும்பிட்டேன்.”

ஸ்டெல்லா இப்போது லேபில் டெக்னீஷியனாக இருக்கிறாள். நான் சேர்த்த பிறகே எழுதுகிறேன். ஆனாலும் என் பாட்டிலை எடுக்குமுன் அவள் ட்யூபை எண்ணுகிறாள், நான் பார்க்க. புதிதாக வருகிறவர்களும் எண்ணுங்கள், யார் கையெழுத்தாக இருந்தாலும்.