முப்பதாயிரத்து முப்பத்தொன்று

கணித ஆசிரியனுக்குக் கோபம் இருக்கலாம், பிழை மட்டும் வரக்கூடாது என்று பதுளையில் படிப்பித்த காலமெல்லாம் நினைத்திருந்தேன். கொழும்புப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தெரிவு செய்ய, அந்தத் திமிரோடுதான் வினாத்தாள் தயாரித்தேன். கடைசிக் கேள்வி: 30031 முதன்மை எண்ணா? அதாவது, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுமா?

2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அந்த எண் வரும். ஆறில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே முதன்மை எண்தான் என்று விடையை எழுதி வைத்துவிட்டேன்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். பிழை போட்டேன். அந்த ஒரு கேள்வியால் அவள் இரண்டாமிடத்துக்குப் போனாள். அடுத்த வருடம் வயது கடந்துவிடும், அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பகல் பன்னிரண்டுக்குள் பெயர் போக வேண்டும். பதினொன்றரைக்கு, பாடசாலை அதிபரின் அறையில் நானும் அவரும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவள் வாசலில் வந்து நின்றாள்.

"சேர், அந்தக் கடைசிக் கணக்கு..."

"கேள்வி போட்டவன் நான். வகுப்புக்குப் போ."

அவள் நகரவில்லை. "ஒருக்கா பாருங்க சேர். அம்பத்தொம்பதால வகுபடுது."

அதிபர் பேனாவும் கையுமாக என்னைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு தாளை அவள் முன்னே தள்ளினேன். "செய்து காட்டு."

59 × 509 என்று எழுதி, முதலில் 509ஐ 60ஆல் பெருக்கி 30540 என்று போட்டாள். அதிலிருந்து 509ஐக் கழித்தாள். 30031. மூன்று முறை பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பதின்மூன்றுக்கு மேலே எண்களே இல்லாதது மாதிரி நான் நிறுத்தியிருந்தேன்.

"இப்படிப் பெருக்க யார் சொல்லித் தந்தது?" வீம்புக்குக் கேட்டேன்.

"மடுவத்துல கொழுந்து நிறுக்கையில சாக்கு எடைக்குன்னு ஒரு கிலோ வெட்டுவாங்கல்ல சேர். அம்மாவோட நிறுவைய நான்தான் பார்ப்பேன். அதே மாதிரி ஒவ்வொரு அறுபதுலயும் ஒன்ன வெட்டிட்டேன்."

என் அம்மாவும் கொழுந்து பறித்தவள். நாள் தவறாமல் அந்த ஒரு கிலோவை வெட்டக் கொடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். பாடசாலையில் ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன.

மணி பதினொன்று ஐம்பது. "என்ன மாஸ்டர், அனுப்பவா?" என்றார் அதிபர். ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிடம் ஓடிவிடும், என் மானமும் தப்பிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"பிழை என்னுடையது சேர். இந்தப் பிள்ளையின் பெயரைப் போடுங்க," என்றேன். "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் வெட்டினாங்க. எனக்கு இது தெரிஞ்சிருக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க அம்மா எந்தத் தோட்டம் சேர்?"

அந்த அறையில் முதல் தடவையாக எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.