கட்டிக்குப் பிடித்த காற்று

குமணன்சாவடியில் ஷேர் வேன் ஏறி உட்கார்ந்ததும் சின்னப்பையன் மகளிடம் கேட்டார்.

"டாக்டரு இங்கிலீசுல இன்னாம்மா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா அவ்ளோ நேரம் பேசுனாரு?"

எதிர் சீட்டில் இருந்தவர்கள் அவர் கழுத்துக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிவதனி குரலைத் தாழ்த்தினாள்.

"ஸ்கேன் எடுத்தாங்கல்ல, கட்டிக்குள்ள ஆக்சிஜன் கம்மியா தெரியுதாம். அதனால கரண்டு வெச்சா சரியா கேக்காதாம்."

"ஆக்சிஜனா?" அவர் வேனே அதிரச் சிரித்தார். "நம்ம பட்டறையில சிலிண்டர் சிலிண்டரா கீது. வெல்டருக்கே ஆக்சிஜன் பஞ்சமா?"

பக்கத்தில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"மெதுவா பேசுப்பா," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் அவளுக்குப் படத்தைக் காட்டியே விளக்கியிருந்தார். ஊசியில் ஏற்றிய மருந்து, கட்டிக்குள் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் போய்த் தங்கி, படத்தில் பளிச்சென்று தெரியும். கட்டி வளர்ந்த வேகத்துக்கு ரத்தக்குழாய்கள் ஈடுகொடுக்கவில்லை. மூச்சில் எந்தக் குறையும் இல்லை. பளிச்சென்று தெரியும் இடத்துக்குக் கதிர்வீச்சை, ஊரில் 'கரண்டு' என்பதை, கூட்டிவைத்துப் பார்க்கலாம். அத்தனையும் அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்தபிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சின்னப்பையன் குடும்பம் திருவேற்காட்டில் கழனி வேலை செய்த குடும்பம். கழனிகள் மனைகளானபோது அவர் பூந்தமல்லிக்குப் போய் கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார். அதே மனைகளில் எழுந்த வீடுகளுக்குக் கேட் செய்து கொடுத்தார். மகளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவைத்தார். அம்பத்தூர் ஐ.டி. கம்பெனியில் சேரும்வரை அவரை அவள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். சேர்ந்தபிறகு 'அப்பா' ஆனார். கூட வேலை செய்பவர்கள் கேட்டால், "அப்பா பிசினஸ் பண்றார்" என்பாள்.

கதிர்வீச்சு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது பட்டறைக் கூட்டாளி உத்தமன் போன் செய்தார்.

"மதி, நைனாக்கு கழுத்துல நெருப்பு பட்டுச்சு. பதறாத, உசுருக்கு ஒண்ணுமில்ல."

"எப்டி அங்கிள்?"

"தெனம் வேல முடிஞ்சா சிலிண்டர் டியூப்ப மூக்குல வெச்சிகினு குந்திக்கிறாரு. இன்னா அண்ணாத்தே இதுன்னா, கட்டிக்கு காத்து புடிக்கிறேன்றாரு, லாரி டயரு மாரி! இன்னிக்கு அவரு பக்கத்துல குந்தினுகீறத கவனிக்காம நான் வெல்டிங் டார்ச்ச பத்தவெச்சிட்டேன். கழுத்துல கெடந்தது ஆக்சிஜன் ஏறின துண்டு, குப்புனு புடிச்சிகிச்சு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். புண், கதிர் படவேண்டிய இடத்திலேயே இருந்தது. ஆறும்வரை தொடங்க முடியாது, தள்ளிப்போவது நல்லதும் இல்லை என்றார். பிறகு மதிவதனியைப் பார்த்து, எப்படி ஆனது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சின்னப்பையன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் தான் அரைகுறையாகச் சொன்னதால் வந்த வினை இது என்று மதிவதனிக்குத் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. வேலையில் சின்ன ஆக்சிடென்ட் என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தை அவருக்கும் புரிந்தது. "ஆமா சார், ஆக்சிடென்ட்தான்," என்று தலையாட்டினார். "கொஞ்சம் அசந்துட்டேன்."

மகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதன்பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

வெளியே பூந்தமல்லி போகும் வேன் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அது போகும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"கண்ணு, இனிமே டாக்டரு சொல்றத எனக்கு முழுசா சொல்றியா?" என்றார். "வேன்ல வேணாம். யாரும் இல்லாத எடமா பாத்து சொல்லு."