முழங்காலுக்கு மேல் வளராத செடிகள்

இந்தத் தீவில் எங்கள் குவார்ட்டர்ஸ் டெலானிபூர் மேட்டில் இருக்கிறது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பாறைச் சரிவு, அதன் அடியில் ரோடு, அதைத் தாண்டி துறைமுகம். பக்கவாதம் வந்தபிறகு என் வீட்டுக்காரருக்கு அந்த ஜன்னல்தான் உலகம். கப்பலில் வேலை பார்த்த மனுஷன். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் ஆபீஸிலிருந்து வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து கப்பல் பார்ப்பார்.

சரிவில் ஆளுயரப் புதர். அதை வெட்டிவிட்டுப் பாறை இடுக்குகளில் செடி வைக்க ஆரம்பித்தேன். ஒரே நிபந்தனை, எதுவும் முழங்காலுக்கு மேல் வளரக்கூடாது, கப்பலை மறைக்கக்கூடாது. ஒவ்வொரு செடியையும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவேன். காகிதப்பூவுக்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். கற்பூரவல்லிக்குச் சிரித்தார்.

ஆபீஸில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். "மெயின்லேண்டிலிருந்து ரோஜா வரவழைங்க மேடம்." வரவழைத்தேன். உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் கருகிப்போனது. இங்கே மாதக்கணக்கில் மழை கொட்டும், அப்புறம் சொட்டுத் தண்ணீர் இருக்காது. இரண்டையும் தாங்குவதுதான் நிற்கும். குழியில் மணலும் உடைகல்லும் போட்டு, வேர் அழுகாமல் பார்த்து, கடைசியில் நித்தியகல்யாணி பிடித்தது. நீர் கசியும் அடிப்பாறையில் வல்லாரை படர்ந்தது. குட்டை ரக இட்லிப்பூ கல்லோடு கல்லாகப் பூத்தது. அது பூத்த அன்று அவர் சோறு போதும் என்று தலையை ஆட்டவே இல்லை. எனக்கு அது போதும்.

அப்புறம் டில்லியிலிருந்து யாரோ பெரிய மனுஷர் கீழ் ரோடு வழியாக வருகிறார் என்றார்கள். ஊரில் ஒரு வி.ஐ.பி. வந்தால் போதும், நிற்கிற மரத்துக்கெல்லாம் காவியும் சுண்ணாம்பும் அடித்துவிடுவார்கள். அன்று எனக்கு ஆபீஸில் டீ, சமோசா ஏற்பாடு. மதியம் வீட்டுக்கு விடவில்லை. சாப்பாட்டை அவர் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன், சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று கல். ஒரு இலை இல்லை. கற்பூரவல்லி, நித்தியகல்யாணி எல்லாம் வேரோடு பிடுங்கப்பட்டு ரோட்டோரம் குப்பையாகக் கிடந்தது. ஜன்னலுக்கு நேரே நர்சரியிலிருந்து கொண்டுவந்த உயரமான தொட்டிப் பனைகள் வரிசையாக நின்றன. கப்பலும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை.

சுண்ணாம்பு வாளியோடு நின்ற மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டுய்யா கை வெச்ச?"

"மேடம், வோ தோ காஸ் தா," என்றான். புல்லாம்! என் செடியெல்லாம் அவனுக்குப் புல்!

"வீட்டுல ஒரு ஆள் உட்கார்ந்திருக்காரே, அவரையாவது கேட்டியா?"

அவன் முகம் மலர்ந்தது. நல்ல சேதி சொல்கிறவன் மாதிரி சொன்னான்: "சாப் பஹுத் குஷ் தே, மேடம். சாருக்கு ஒரே சந்தோஷம். நாங்க வேலை முடிக்கிற வரைக்கும் கை ஆட்டிக்கிட்டே இருந்தாரு. நாங்களும் ஆட்டினோம்."

நான் உள்ளே ஓடினேன். மூடி வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. ஜன்னல் கம்பியில் அடித்து அடித்து அவருடைய இடது கை வீங்கியிருந்தது.