கலக்கி வைத்த மருந்து

மலர்விழி அந்தக் கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்ததே பழி வாங்கத்தான். பண்ணைக்காரன் சென்னியப்பன் அவளுடைய அக்கா புருஷன். அக்கா மோகனப்பிரியாவுக்கு இரண்டு வருஷம் இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. "பொம்பளைங்க சமாச்சாரம், தானாச் சரியாயிரும்" என்று சொல்லியே வீட்டோடு வைத்திருந்தான் அந்த மகராசன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிப்போயிருந்தது. செத்த பிறகும் வயிற்றுக்கட்டி என்றுதான் ஊருக்குச் சொன்னான். கௌரவம் குறைந்துவிடுமாம்!

நாமக்கல் பக்கம் குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து விடுவதில் மலர்விழியின் கை பேர்போனது. நான்கு பெண்களை வைத்துக்கொண்டு ஒரு ஷெட்டையே காலைக்குள் முடித்துவிடுவாள். மூன்று வருஷமாக அவன் குஞ்சுகளின் கண்ணில் சொட்டு விட்டபடியே, அவன் வயிறு எரிய என்ன செய்யலாம் என்று யோசித்தாள். மருந்தைக் கொஞ்சம் வெயிலில் வைத்தால் போதும், வீரியம் போய் நோய் புகுந்து பண்ணையே படுத்துவிடும். ஆனால் வாயில்லாத குஞ்சுகள் என்ன பாவம் செய்தன?

வழியைச் சென்னியப்பனே காட்டினான். அக்கா மகள் நித்யஸ்ரீக்குப் பதினாலு வயது. அந்தப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியைப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். "அந்த ஊசி போட்டாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று மறுத்துவிட்டான். ஊசி போடும் கடைசி நாள் காலையில் நித்யஸ்ரீ அழுதுகொண்டே படிவத்தைச் சித்தியிடம் கொண்டுவந்தாள்.

அன்றைக்கு ஏழாம் நாள் குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து விட வேண்டும். மலர்விழி மருந்தைக் கலக்கினாள். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் விட்டாக வேண்டும். அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள். மற்ற பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

சென்னியப்பன் ஓடி வந்தான். "ஏம்புள்ள, மருந்து வீணாப் போகுது!"

"போகட்டுங்க மாமா. குஞ்சுக்கு ஒருநாள் தவறுனா உங்களுக்குத் தூக்கம் வராது. பெத்த புள்ளைக்குத் தவறுனா மட்டும் வருமாக்கும்?" படிவத்தை நீட்டினாள்.

கத்தினான். வேலையை விட்டுத் துரத்துவேன் என்றான். பக்கத்துப் பண்ணையில் கழிச்சல் புகுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வேறு ஆள் தேட நேரமில்லை. கடைசியில் பேனாவைக் கேட்டான்.

"அதுக்கு முன்னால ஒண்ணுங்க. அக்கா எதுல செத்தான்னு இவங்ககிட்டச் சொல்லுங்க."

நான்கு பெண்களும் அவனையே பார்த்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. "கர்ப்பப்பை வாய்ல புத்துநோய். நாந்தான் காலத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைங்க," என்றான். கூலிக்காரப் பெண்களிடம் அவன் மரியாதை போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். மலர்விழிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் கையெழுத்துப் போட்டதும் படிவத்தை நித்யஸ்ரீயிடம் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து குஞ்சுகளுக்குச் சொட்டு விட ஆரம்பித்தாள்.

மத்தியானம் நித்யஸ்ரீ ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு வந்தாள். சென்னியப்பன் எழுந்து ஓடினான். "வலிக்குதா சாமி?"

இரண்டு வருஷம் துடித்த அக்காவிடம் அவன் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. குளிர்ந்த நெஞ்சு மறுபடி பற்றிக்கொண்டது. மலர்விழி ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். நாளைக்கும் வாரேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.